என்எஃப்எல் ஆஃப்சீசன்: கேப் கணக்கிலிருந்து டிக்கெட் வரை, புதியவர்களுக்கு

"நான்கு ஆண்டு, 80 மில்லியன் டாலர்." மார்ச் மாதம் ஒரு வீரரைப் பற்றி இப்படியோர் ஒப்பந்தச் செய்தி வந்தால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "இவனுக்கா இவ்வளவு?" என்பது ஒரு கட்சி. "கேப் எல்லாம் சும்மா, எப்படியாவது சரிக்கட்டிவிடுவார்கள்" என்பது இன்னொரு கட்சி. (கேப் என்பது ஓர் அணி ஓர் ஆண்டில் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு.) அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் புதிதாக வந்தவர் இரண்டையும் கேட்டுக் குழம்புவார். ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே ஒரு வீரரை 18 கோடிக்கு எடுத்தால் பர்ஸில் 18 கோடி குறையும், கதை முடிந்தது. என்எஃப்எல்லில் பணம் வீரரின் கைக்குப் போகும் ஆண்டு வேறு, அணியின் கணக்கில் ஏறும் ஆண்டு வேறு. ஆட்டமில்லாத மாதங்களான ஆஃப்சீசனில் நடக்கும் கட் (விடுவிப்பு), டிரேட் (வேறு அணிக்கு மாற்றிக் கொடுப்பது), கையெழுத்து எல்லாமே இந்த இடைவெளியை வைத்து ஆடும் ஆட்டம். அதைப் பிடித்துவிட்டால் மீதியெல்லாம் தேதிகள்தான்.

முதலில் காலண்டர்

இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் பிப்ரவரியின் இரண்டாம் ஞாயிறு. மறுநாளே ஆஃப்சீசன். கீழே உள்ளவற்றைக் கைப்பேசிக் காலண்டரில் போட்டுவையுங்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு சில நாள் முன்பின் நகரும், வரிசை மாறாது.

- பிப்ரவரி பிற்பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை இரண்டு வாரம்: ஃப்ரான்சைஸ் டேக் (ஒப்பந்தம் முடியும் வீரரை ஓர் ஆண்டு தக்கவைக்கும் உரிமை) போடும் காலம். 2025-இல் பிப்ரவரி 18 முதல் மார்ச் 4 வரை.
- மார்ச் இரண்டாம் வாரம், திங்கள் நண்பகல் கிழக்கு நேரம்: மற்ற அணிகளில் ஒப்பந்தம் முடிந்து விரும்பிய இடம் போகக்கூடிய வீரர்களின் (ஃப்ரீ ஏஜென்ட்) பிரதிநிதிகளான ஏஜென்ட்களிடம் பேச அனுமதி. "லீகல் டேம்பரிங்" என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான்.
- அதே வாரம் புதன் மாலை 4 மணி: புது லீக் ஆண்டு தொடக்கம். அந்த நொடியில் எல்லா அணியும் கேப்புக்குள் இருக்க வேண்டும்.
- ஏப்ரல் இறுதி: டிராஃப்ட், அதாவது கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பது. ஏழு சுற்று, மூன்று நாள்.
- மே தொடக்கம்: டிராஃப்டின் முதல் சுற்றில் வந்த வீரர்களின் ஒப்பந்தத்தை நீட்டும் ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனை எடுப்பதா வேண்டாமா என்று சொல்லக் கடைசி நாள்.
- மே நடு: ஆட்ட அட்டவணை. தனி ஆட்ட டிக்கெட் விற்பனையும் இதை ஒட்டித்தான்.
- ஜூன் 1: கேப் கணக்கின் நடுக்கோடு (விளக்கம் கீழே).
- ஜூலை நடு: டேக் போட்ட வீரருடன் நீண்ட ஒப்பந்தம் போடக் கடைசி நாள். மாத இறுதியில் பயிற்சி முகாம்.
- ஆகஸ்ட்: மூன்று ப்ரீசீசன் ஆட்டங்கள், பிறகு 53 பேராகக் குறைப்பு.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவருக்கு: மார்ச்சின் அந்தத் திங்கள் நண்பகல் என்பது நமக்கு இரவு 9.30. புதன் மாலை 4 என்பது வியாழன் அதிகாலை 1.30. பெரிய பெயர்கள் எல்லாம் திங்கள் இரவே போய்விடும், புதன்கிழமை வெறும் கையெழுத்து நாள். தூக்கத்தைத் தியாகம் செய்வதென்றால் திங்களுக்குச் செய்யுங்கள்.

2024-இல் அந்த இரண்டு நாளில் ஏஜென்ட்டோடு பேசுவது மட்டும்தான் சட்டப்படி சரியாக இருந்தது. வீரருடன் நேரடியாகப் பேசுவது, விமானம் ஏற்பாடு செய்வது எல்லாம் அப்போது விதிமீறல். அந்த ஆண்டு கிர்க் கசின்ஸ் என்ற வீரரின் விஷயத்தில் அட்லாண்டா அணி இப்படி மாட்டி, 2025 டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் ஒருவரைத் தேர்வு செய்யும் உரிமையை இழந்தது, அபராதம் தனி. கையெழுத்து ஆகும்வரை எதுவும் முடிந்ததில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் செய்தி தரும் நிருபர்களான ஆடம் ஷெஃப்டர், இயன் ராபபோர்ட் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிக் கணக்குகள் முளைப்பதும் இந்த வாரத்தில்தான். செய்தியைப் பரப்பும் முன் கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

கேப் என்றால் என்ன, எவ்வளவு

1994-இல் தொடங்கியது. லீகின் வருமானத்தில் வீரர்களுக்குச் சேர வேண்டிய பங்கைக் கணக்கிட்டு 32 அணிக்கும் சமமாகப் பிரிப்பதால் வருவது இந்தத் தொகை. 2020 ஒப்பந்தப்படி வீரர்களின் பங்கு குறைந்தது 48 சதவீதம். என்பிஏ போல வரி கட்டிவிட்டுத் தாண்டும் வழி இங்கே கிடையாது.

2020-இல் 198.2 மில்லியன். கொரோனாவால் மைதானங்கள் காலியாக, 2021-இல் 182.5-க்கு இறங்கியது. பிறகு 208.2, 224.8, 255.4, 2025-இல் 279.2. (ஒரு மில்லியன் பத்து லட்சம்; 279.2 என்பது சுமார் 28 கோடி டாலர்.) இந்த ஏற்றத்தை மனதில் வைக்காமல் ஒப்பந்தங்களை ஒப்பிடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. 2021-இல் 20 மில்லியன் என்பது கேப்பில் கிட்டத்தட்ட 11 சதவீதம். 2025-இல் அதே 20, ஏழு சதவீதம்தான். இரண்டு ஆண்டுக்கு முன் கையெழுத்திட்டவரோடு இன்று கையெழுத்திடுபவரை ஒப்பிட வேண்டுமானால் டாலரை விடுங்கள், சதவீதம் போடுங்கள்.

ஒவ்வோர் அணிக்கும் உண்மையான வரம்பு இந்தப் பொதுத் தொகை அல்ல. போன ஆண்டு செலவழிக்காமல் மிச்சம் வைத்ததை அடுத்த ஆண்டுக்கு உருட்டிக்கொள்ளலாம். ஆகவே அணிக்கு அணி வரம்பு மாறும். ஓவர் தி கேப், ஸ்பாட்ராக் ஆகிய இரண்டு தளங்களும் இதைக் கூட்டித்தான் காட்டுகின்றன. இரண்டிலும் எண் கொஞ்சம் வேறுபட்டால் பதற வேண்டாம். ஊக்கத்தொகைகளைக் கணக்கில் எடுக்கும் விதத்தில் வரும் வித்தியாசம்.

இன்னொன்று, "டாப் 51" விதி. ஆஃப்சீசனில் அணியில் 90 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரின் சம்பளத்தையும் கூட்டினால் எந்த அணியும் தாங்காது. எனவே அதிகத் தொகை உள்ள 51 பேர் மட்டுமே முழுதாகக் கணக்கில் ஏறுவார்கள். புதிதாக 3 மில்லியன் கேப் எண்ணோடு (அந்த ஆண்டு கேப் கணக்கில் அவர் பெயரில் ஏறும் தொகை) ஒருவரை எடுத்தால், 51-ஆவது இடத்தில் ஒரு மில்லியனில் இருந்தவர் கீழே தள்ளப்படுவார். நிகரச் செலவு 2 மில்லியன்தான். "இரண்டரை மில்லியன்தானே மிச்சம், எப்படி எடுத்தார்கள்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. டிராஃப்டில் வரும் பத்துப் பேருக்குத் தனியாகப் பெரிய தொகை ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கும் இதுதான் காரணம்.

ஒரு ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்ப்போம்

தொடக்கத்தில் வந்த "நான்கு ஆண்டு, 80" இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் (எல்லாம் மில்லியன் டாலரில்) எளிமைக்காக நாம் போட்டவை, அமைப்பு அசல்.

கையெழுத்து போனஸ் 32. அடிப்படைச் சம்பளம் முதல் ஆண்டு 2, இரண்டாம் ஆண்டு 10, மூன்றாம் ஆண்டு 16, நான்காம் ஆண்டு 20. போனஸும் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளமும் உத்தரவாதம்.

போனஸ் 32-ம் வீரரின் கைக்குச் சீக்கிரமே போய்விடும். கணக்கில் மட்டும் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரியும், அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இங்கே ஆண்டுக்கு 8. ஆக கேப் எண்:

- 1-ஆம் ஆண்டு: 2 + 8 = 10
- 2-ஆம் ஆண்டு: 10 + 8 = 18
- 3-ஆம் ஆண்டு: 16 + 8 = 24
- 4-ஆம் ஆண்டு: 20 + 8 = 28

முதல் ஆண்டில் வீரர் வாங்கியது 34, கணக்கில் ஏறியது 10. இதனால்தான் பணமில்லாத அணி என்று நாம் நினைத்தது மார்ச்சில் மூன்று பேரை எடுத்துவிடுகிறது. உத்தரவாதத் தொகை 44 என்பதையும் பாருங்கள். இதன் உண்மைப் பெயர் "இரண்டு ஆண்டு, 44". அதற்குமேல் இரண்டு ஆண்டை அணி விரும்பினால் நீட்டிக்கலாம். ஏஜென்ட் முதலில் வெளியே சொல்வது பெரிய எண்ணைத்தான், அது அவருடைய விளம்பரம். உத்தரவாதம் எவ்வளவு, எந்த ஆண்டு வரை என்ற விவரம் வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை தீர்ப்புச் சொல்லாமல் இருப்பவரே கெட்டிக்காரர்.

கட் பண்ணினால் என்ன ஆகும்

வீரரை விடுவித்தால் இன்னும் கணக்கில் ஏறாத போனஸ் பங்குகள் எல்லாம் மொத்தமாக அந்த ஆண்டே ஏறும். அதுதான் டெட் மணி. ஆடாத வீரருக்காகக் கேப்பில் உட்கார்ந்திருக்கும் தொகை.

மேலே உள்ளவரை முதல் ஆண்டு முடிந்ததும் அனுப்பினால்: மிச்ச போனஸ் 24, உத்தரவாதச் சம்பளம் 10, ஆக 34. வைத்திருந்தால் 18. அனுப்பினால் 16 மில்லியன் கூடுதல் நஷ்டம். ஆகவே "இவனைத் தூக்கு" என்று முதல் ஆண்டு முடிவில் கத்துவதில் பொருளே இல்லை.

இரண்டு ஆண்டு முடிந்ததும் அனுப்பினால்: டெட் மணி 16, வைத்திருந்தால் 24, மிச்சம் 8. இங்கேதான் ஜூன் 1 உள்ளே வருகிறது. அந்தத் தேதிக்குப் பிறகு அனுப்பினால் அந்த ஆண்டுப் பங்கான 8 மட்டும் இப்போது ஏறும், மீதி 8 அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும். இந்த ஆண்டு மிச்சம் 16 ஆகிவிடும். மார்ச்சிலேயே அனுப்பி, ஜூன் 1-க்குப் பிந்திய கணக்காக வைத்துக்கொள்ளும் சலுகையும் ஓர் அணிக்கு ஆண்டுக்கு இரண்டு பேருக்கு உண்டு. ஆனால் மிச்சமாகும் பணம் ஜூன் 1 தாண்டினால்தான் கைக்கு வரும். மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்ட் வாங்க அது உதவாது. இதை மறந்துவிட்டு "16 மில்லியன் இருக்கிறதே, ஏன் யாரையும் எடுக்கவில்லை?" என்று கேட்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு டென்வர் அணி. 2024 மார்ச்சில் தன் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர்) ரஸ்ஸல் வில்சனை விடுவித்து மொத்தம் 85 மில்லியன் டெட் மணியை விழுங்கியது. ஜூன் 1 சலுகையைப் பயன்படுத்தி 2024-க்கு 53, 2025-க்கு 32 என்று பிரித்தது. அணி சுருண்டுவிடும் என்றார்கள். ரூக்கி (டிராஃப்டில் வந்த புது வீரர்) சம்பளத்தில் போ நிக்ஸ் குவார்ட்டர்பேக்காக வந்தார், 10 வெற்றியோடு அதே ஆண்டு பிளேஆஃப் போனார்கள். டெட் மணி வலிக்கும், கொல்லாது. மலிவான குவார்ட்டர்பேக் ஒருவர் இருந்தால் வலியும் பாதியாகும். 2022 டிராஃப்டின் கடைசித் தேர்வு, 262-ஆவது ஆளான பிராக் பர்டி, ஒரு மில்லியனுக்கும் குறைவான கேப் எண்ணோடு சான் பிரான்சிஸ்கோவை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனதும் இதே கணக்குதான். 2025-இல் அவருக்கே ஐந்து ஆண்டு, 265 மில்லியன் கொடுக்க வேண்டியிருந்தது. மலிவுக் காலம் மூன்று நான்கு ஆண்டுதான்.

ரீஸ்ட்ரக்சர்: கடன் அட்டை

வீரரை அனுப்பாமல் இடம் பிடிக்கும் வழி இது. மூன்றாம் ஆண்டின் சம்பளம் 16-இல் குறைந்தபட்சச் சம்பளமாக 1.2 மட்டும் விட்டுவிட்டு 14.8-ஐ போனஸாக மாற்றுகிறார்கள். மிச்சமிருக்கும் இரண்டு ஆண்டுக்குப் பிரித்தால் தலா 7.4. மூன்றாம் ஆண்டு எண் 24-இலிருந்து 16.6 ஆகும், நான்காம் ஆண்டு 28-இலிருந்து 35.4 ஆகும். வீரருக்கு ஒரு டாலர்கூடக் குறையவில்லை. சொல்லப்போனால் சம்பளம் முன்கூட்டியே கைக்கு வருகிறது, ஆகவே அவர்கள் மறுப்பதில்லை. "அணிக்காக விட்டுக்கொடுத்தார்" என்று யாராவது உருகினால் சம்பளக் குறைப்பா, ரீஸ்ட்ரக்சரா என்று கேளுங்கள். இரண்டும் வேறு.

இன்னும் இறக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தின் வாலில் மூன்று பொய் ஆண்டுகளை ஒட்டுவார்கள். வாய்ட் ஆண்டு என்று பெயர். வீரர் அந்த ஆண்டுகளில் ஆடப்போவதில்லை, கணக்கைப் பரப்ப மட்டும். 14.8 ஐந்தாகப் பிரிந்தால் 2.96. மூன்றாம் ஆண்டு எண் 12.16-க்கு இறங்கும், நான்காம் ஆண்டு 30.96. ஒப்பந்தம் முடிந்ததும் மிச்சம் 8.88 டெட் மணியாக ஒரே அடியாக விழும். எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் 80 வரும், கூட்டிப் பாருங்கள். "கேப் சும்மா" கட்சிக்கான பதில் இந்தக் கூட்டலில் இருக்கிறது.

இந்தக் கடன் அட்டையைத் தேய்ப்பது தவறா? யாருக்காகத் தேய்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கேப் ஆண்டுதோறும் ஏறுவதால் நாளைய டாலர் இன்றைய டாலரைவிட லேசு. பிலடெல்ஃபியாவின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மன் இளம் வீரர்களை முன்கூட்டியே பிடித்துப்போட்டு, ஆப்ஷன் போனஸ்களால் (பின்னாளில் கொடுத்து அப்போதிலிருந்து பரப்பும் போனஸ்) எண்ணைத் தள்ளிவைத்து, 2025 பிப்ரவரியில் கேன்சஸ் சிட்டியை 40–22 என்று சாய்த்த அணியைக் கட்டினார். நியூ ஆர்லியன்ஸ் அதே உத்தியை வயதான வீரர்களுக்குச் செய்தது; அதன் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸ் ஓய்வுபெற்ற பிறகும் ஒவ்வொரு மார்ச்சும் கேப்புக்குள் நுழையவே மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. உத்தி ஒன்றுதான். 25 வயதுக்காரருக்குச் செய்தால் முதலீடு, 32 வயதுக்காரருக்குச் செய்தால் வட்டி.

டிரேடில் யார் எதைச் சுமக்கிறார்கள்

மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் நம் வீரரை வேறு அணிக்குக் கொடுத்தால், போனஸ் மிச்சம் 16 பழைய அணியிடமே டெட் மணியாக நிற்கும். புது அணிக்கு 16, 20 என்ற அடிப்படைச் சம்பளம் மட்டும். வாங்கும் அணிக்கு வீரர் மலிவாகத் தெரிவது இதனால்தான்.

ரூக்கி ஒப்பந்தத்தின் கடைசியில் இருப்பவரைக் கொடுப்பது கணக்கில் வலிக்காது, களத்தில்தான் வலிக்கும். 2025 ஆகஸ்டில் டல்லஸ், மைக்கா பார்சன்ஸைக் கிரீன் பேக்குக் கொடுத்தது: இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகளும் கென்னி கிளார்க் என்ற வீரரும் பதிலுக்கு. ஐந்தாம் ஆண்டு ஆப்ஷனில் இருந்தவர் என்பதால் அவருடைய ரூக்கி போனஸ் ஏற்கெனவே கரைந்திருந்தது. கிரீன் பே உடனே நான்கு ஆண்டு, 188 மில்லியன் கொடுத்தது. டிரேடைப் பற்றிப் பேசும்போது தேர்வுகளை மட்டும் எண்ணாமல் அந்த 188-ஐயும் விலையோடு சேர்த்து எண்ணுங்கள்.

யார் போகலாம், யார் போக முடியாது

ஒரு சீசனில் முழுச் சம்பளத்தோடு ஆறு ஆட்டத்துக்கு அணியில் இருந்தால் அது ஒரு "அக்ரூட் சீசன்". ஒப்பந்தம் முடியும்போது நான்கு அக்ரூட் சீசன் இருந்தால் முழுச் சுதந்திரம். மூன்று என்றால் கட்டுப்பாட்டோடு: பழைய அணி ஒரு டெண்டர் (ஓராண்டு ஒப்பந்தச் சலுகை) கொடுத்து, மற்ற அணியின் சலுகைக்கு ஈடுகொடுத்துத் தக்கவைக்கலாம். மூன்றுக்கும் குறைவென்றால் பழைய அணியின் குறைந்தபட்ச டெண்டரை ஏற்பதைத் தவிர வழியில்லை. ஃப்ரீ ஏஜென்ட் பட்டியலில் பெயரைப் பார்த்து ஆசைப்படும் முன் எந்த வகை என்று பாருங்கள்.

முழுச் சுதந்திரம் உள்ளவரையும் ஓர் ஆண்டு கட்டிப்போடுவது ஃப்ரான்சைஸ் டேக். வழக்கமான வகையில் களத்தில் அவர் ஆடும் பொசிஷனில் அதிகம் வாங்கும் ஐவரின் கணக்கை ஒட்டிய சம்பளம், அல்லது போன ஆண்டுச் சம்பளத்தின் 120 சதவீதம், எது அதிகமோ அது. வேறு அணி அவரைப் பறிக்க இரண்டு முதல் சுற்றுத் தேர்வு கொடுக்க வேண்டும். கிர்க் கசின்ஸுக்கு வாஷிங்டன் 2016-இல் 19.95 மில்லியன், 2017-இல் 23.94 மில்லியன் என்று இரண்டு முறை டேக் போட்டது. மூன்றாம் முறை 144 சதவீதம் என்பதால் விட்டது. 2018-இல் மின்னசோட்டா முழு உத்தரவாதத்தோடு 84 மில்லியன் கொடுத்து அவரை எடுத்தது.

சுதந்திர வீரர்களை இழந்த அணிக்கு ஈடுதேர்வு, அதாவது ஈடாகக் கூடுதல் டிராஃப்ட் தேர்வு உண்டு. மூன்று முதல் ஏழாம் சுற்று வரை, ஓர் அணிக்கு நான்கு வரை. வாங்கியதைவிட இழந்தது அதிகமாக இருக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: பழைய அணி கட் பண்ணிய வீரரை எடுத்தால் இந்தக் கணக்கில் சேராது, டிராஃப்ட் முடிந்த அடுத்த திங்களுக்குப் பிறகு எடுத்தாலும் சேராது. மார்ச்சில் சும்மா இருந்த அணி மே தொடக்கத்தில் சடசடவென்று மூன்று பேரை எடுப்பது சோம்பலால் அல்ல.

90-இலிருந்து 53

வழக்கமாக ஆகஸ்ட் கடைசிச் செவ்வாய் மாலை 4 மணிக்குள் 53 பேர். 32 அணியிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள். நான்கு அக்ரூட் சீசன் முடித்தவர் உடனே சுதந்திரம். மற்றவர்கள் வேவர்ஸ் வழியே: மறுநாள் நண்பகல்வரை மற்ற அணிகள் உரிமை கோரலாம், முன்னுரிமை டிராஃப்ட் வரிசைப்படி. யாரும் கேட்காவிட்டால் 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாடில் (பயிற்சிக்கான துணை அணி) சேர்த்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஓர் ஆட்டத்துக்கு இருவரை மேலே கொண்டுவரலாம், ஒருவரை ஒரு சீசனில் மூன்று முறை. உங்களுக்குப் பிடித்த ஆறாம் சுற்று ரூக்கி வெட்டப்பட்டால் புதன் மாலைவரை துக்கம் வேண்டாம்.

டிக்கெட்

சீசன் டிக்கெட், தனி ஆட்டம், மறுவிற்பனை என மூன்று வழி.

சீசன் டிக்கெட் என்றால் பத்து ஆட்டம். லீகின் இரண்டு பாதிகள் ஏஎஃப்சி, என்எஃப்சி; 17 ஆட்ட அட்டவணையில் ஏஎஃப்சி அணிகளுக்கு ஒற்றைப்படை ஆண்டில் சொந்த மண்ணில் ஒன்பது ஆட்டமும் ஒரு ப்ரீசீசனும். என்எஃப்சி அணிகளுக்கு இரட்டைப்படை ஆண்டில். மாறிவரும் ஆண்டில் எட்டும் இரண்டும். ப்ரீசீசன் ஆட்டங்களுக்கும் காசு கட்டியே ஆக வேண்டும், மறுவிற்பனையில் அவற்றுக்குப் பாதிகூட வராது. லண்டன், மாட்ரிட் என்று அணி வெளிநாட்டில் ஆடும் ஆண்டில் ஓர் ஆட்டம் குறையலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

சில மைதானங்களில் இருக்கை உரிமம் தனி. ஒரே முறை கட்டும் பெரிய தொகை அது, சீசன் டிக்கெட் வாங்கும் உரிமையை மட்டுமே தரும். டிக்கெட் விலை ஆண்டுதோறும் தனியாக. பழைய ஆளிடமிருந்து உரிமத்தை வாங்கும்போது மாற்றுக் கட்டணம், பாக்கித் தவணை இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கிரீன் பேயில் வரிசைதான் பிரச்சினை. 1960 முதல் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்துகொண்டிருக்கும் அணி, காத்திருப்போர் ஒரு லட்சத்துக்கும் மேல். குழந்தை பிறந்ததும் பெயர் பதிந்துவைப்பார்கள். அணியின் பங்கை வாங்கினால் முன்னுரிமை கிடைக்குமா என்றால், கிடைக்காது. சுவரில் மாட்ட ஒரு தாள் கிடைக்கும்.

தனி ஆட்டத்துக்கு மே மாத அட்டவணை நாளில் அணியின் தளத்திலிருந்தே போங்கள். பெரும்பாலான அணிக்கு டிக்கெட்மாஸ்டர், டல்லஸ் போன்ற சிலவற்றுக்கு சீட்கீக். அன்றைக்கு ஆசை உச்சத்தில் இருக்கும், மறுவிற்பனை விலையும் அப்படியே. டல்லஸ், பிட்ஸ்பர்க், கிரீன் பே போல ரசிகர்கள் கூடவே பயணிக்கும் அணி வருகிறதென்றால் முன்னதாக வாங்குவது நல்லது. அப்படி இல்லாத ஆட்டங்களில் விலை நாள் நெருங்க நெருங்க இறங்குவதே வழக்கம், அதிலும் சொந்த அணி தோற்றுக்கொண்டிருந்தால். கடைசி மூன்று நாள்வரை பொறுமை உள்ளவருக்கு மலிவு. நான்கு இருக்கை சேர்ந்து வேண்டுமென்றால் அந்தப் பொறுமை ஆகாது. கடைசியில் மிஞ்சுவது ஜோடி ஜோடியாகத்தான்.

2025 மே 12 முதல் அமெரிக்காவில் கட்டணங்களையும் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அப்படிக் காட்டாத தளத்தை அப்போதே மூடிவிடுங்கள். இருக்கை எண் போடாமல் பகுதி மட்டும் போட்டிருந்தால் விற்பவர் கையில் டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம்.

இருக்கை: முதல் வரிசை என்பது பொறி. முன்னால் வீரர்களின் முதுகுதான் தெரியும். பக்கவாட்டில் 20 கஜக் கோடுகளுக்கு இடையே, இருபதாம் வரிசைக்கு மேல் நல்ல இடம். பணம் இடித்தால், கீழ்த்தளத்தின் எண்ட் ஸோனைவிட (மைதானத்தின் இரு முனைகள்) மேல்தளத்தின் நடுக்கோடு மேல். ஆட்டம் விரிவது முழுதாகத் தெரியும். செப்டம்பரில் மயாமியில் எதிரணிப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும், சொந்த அணிப் பக்கம் நிழல். டிசம்பரில் கிரீன் பே போனால் பெஞ்சு அலுமினியம், தரை கான்கிரீட். உட்கார மெத்தைத் துண்டும், காலுக்குக் கீழே போட அட்டைப் பெட்டித் துண்டும் இரண்டு சாக்ஸைவிட உதவும்.

விமானம், ஓட்டல் போடும் முன் ஆட்ட நேரம் நகரும் என்பதை நினையுங்கள். ஞாயிறு இரவு ஆட்டத்துக்காக ஐந்தாம் வாரத்திலிருந்து 12 நாள் முன்னறிவிப்போடும், 14-ஆம் வாரத்திலிருந்து 6 நாள் முன்னறிவிப்போடும் மாற்றுவார்கள். திங்கள், வியாழனுக்குத் தள்ளும் அதிகாரமும் சீசன் பிற்பாதியில் உண்டு. 18-ஆம் வாரம் சனியா ஞாயிறா என்பதே 17-ஆம் வாரம் முடிந்த பிறகுதான் தெரியும். நேரம் மாறியதற்காகப் பணம் திரும்பாது. செப்டம்பர் ஆட்டங்கள்தான் பயணிகளுக்குப் பத்திரம். திரும்புவதற்குத் திங்கள் காலை விமானத்தைவிட மாலை விமானம் நல்லது.

நுழைவாயிலில் புதியவர்கள் மாட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று, டிக்கெட்டின் படத்தைப் பிடித்து நண்பருக்கு அனுப்புவது. பட்டைக்குறி சில நொடிக்கொரு முறை மாறுவதால் படம் செல்லாது. செயலியில் "டிரான்ஸ்ஃபர்" செய்து, அவர் ஏற்றுக்கொண்டதை வீட்டிலேயே உறுதிசெய்து, கைப்பேசி வாலெட்டில் சேமியுங்கள். எழுபதாயிரம் பேர் கூடிய இடத்தில் இணையம் தவழும். இரண்டு, பை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பை, 12 அங்குலம் உயரம், 12 அகலம், 6 தடிமனுக்குள். அல்லது ஒரு கேலன் ஜிப் பை. கைப்பர்ஸ் 4.5-க்கு 6.5 அங்குலத்துக்குள். முதுகுப்பையோடு போனால் காருக்குத் திரும்ப நடக்க வேண்டும். சில மைதானங்கள் வெளி உணவை அந்த ஜிப் பையில் அனுமதிக்கும், தயிர்சாதமும் அதில் அடங்கும். அணியின் தளத்தில் மைதான விதிகளைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். பெரும்பாலான இடங்களில் உள்ளே ரொக்கம் செல்லாது, வெளியே போய்விட்டு மறுபடி நுழைய முடியாது.

பார்க்கிங்கை டிக்கெட்டோடு அன்றே வாங்குங்கள்; ஆட்ட நாளில் வாங்கினால் தூரமும் விலையும் கூடும். டெயில்கேட் (ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்தத்தில் சமைத்துச் சாப்பிடுவது) போடும் எண்ணமிருந்தால் வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும், வழக்கமாக ஆட்டத்துக்கு நான்கைந்து மணி நேரம் முன்னதாக. திரும்பும்போது முதல் ஆளாக வண்டியை எடுக்க முயன்று வரிசையில் ஒன்றரை மணி நேரம் உறுமிக்கொண்டு நிற்பதைவிட, மிச்சமிருக்கும் அடுப்பில் தேநீர் போட்டுக்கொண்டு வாகன நிறுத்தம் பாதி காலியாகும்வரை உட்கார்ந்திருங்கள். அடுத்த மார்ச்சில் யாரைக் கட் பண்ண வேண்டும் என்று பேச அதுதான் சரியான நேரம்.